மரம் இளைக்குமா?

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, 233ஆம் எண் மரத்தைச் சுற்றி டேப் பிடித்தது. அது கஸ்தான்யா, எங்கள் காட்டின் ராட்சதக் கொட்டை மரம். சுற்றளவு ஐந்து மீட்டர். ஒரு ஆள் தனியாகச் சுற்றுவது சிரமம். நான் சிவப்புப் பெயிண்ட் கோட்டின் மேல் டேப்பின் நுனியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் மறுமுனையோடு மரத்துக்குப் பின்னால் போனார். கொஞ்ச நேரம் ஆளைக் காணோம். காய்ந்த சருகு நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. மறுபக்கத்திலிருந்து முதலில் ஒரு கை வந்தது, பிறகு தொப்பி, பிறகு அவர்.

"முறுக்கிக்கிட்டு கெடக்கு பாரு, உன் பக்கம்."

"இல்லப்பா."

"குனிஞ்சு பாருடி, இஞ்சினியரம்மா."

சாதாரணமாக நான் அவருக்கு ஜூ, கேலி செய்யும்போது இஞ்சினியரம்மா. முறுக்கித்தான் இருந்தது. சரிசெய்தேன். எங்கள் டேப்பில் சுற்றினாலே விட்டம் தெரியும்படி கோடுகள் அச்சாகியிருக்கும். அவர் படித்தார், நான் குறிப்பேட்டில் எழுதினேன். நூற்று அறுபது புள்ளி ஒன்று சென்டிமீட்டர். போன வருடம் நூற்று அறுபது புள்ளி நான்கு. மூன்று மில்லிமீட்டர் குறைவு.

அன்று வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலை அவர் இறந்துவிட்டார்.

அப்பாவின் பெயர் அடெல்மோ நொகேரா. ஷப்புரி ஊரிலிருந்து இரண்டு நாள் நடைதூரத்தில், ஒரு ரப்பர் தோட்ட முதலாளியின் காட்டில் 1957இல் பிறந்தார். கோடையில் ரப்பர் பால் வெட்டுவார், மழைக்காலத்தில் கஸ்தான்யா கொட்டை பொறுக்குவார். முப்பது வயதுக்கு மேல்தான் எழுதப் படிக்கக் கற்றார். எழுத்து கோணல், எண்கள் அழகு. ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுவார். ஒன்று என்று யாராவது படித்துவிடக் கூடாதாம். தன் வாழ்நாளில் உருப்படியாக ஒரே ஒரு காரியம் செய்ததாக நினைத்தார். இந்தக் காட்டை வெட்டவிடாமல் காப்பாற்றியது. அது காப்பாற்றப்பட்டுவிட்டதா என்பதுதான் கடைசி வாரத்தில் அவருக்கும் எனக்கும் நடந்த பேச்சு முழுவதும்.

அவருக்கு இருபது வயதான காலத்தில் தெற்கிலிருந்து மாட்டுப் பண்ணைக்காரர்கள் வந்தார்கள். காட்டை விலைக்கு வாங்கினார்கள், கூலியாட்களை மோட்டார் ரம்பத்தோடு உள்ளே அனுப்பினார்கள். எங்கள் ஆட்கள் துப்பாக்கி எடுக்கவில்லை. குடும்பம் குடும்பமாக நடந்துபோய் ரம்பங்களுக்கு முன்னால் நின்றார்கள். மறித்து நிற்கும் அந்தக் காரியத்தை நாங்கள் எம்பாச்சி என்போம். பெண்களும் குழந்தைகளும் முன்வரிசை. போலீஸ் வந்தால் தேசிய கீதத்தைப் பாடுவார்கள். கீதம் பாடும்போது போலீஸ்காரன் கையை ஓங்க முடியாது, விறைப்பாக நிற்க வேண்டும். அது முடிந்தவுடன் மறுபடி முதலிலிருந்து பாடுவார்கள்.

அப்பா ஆறு எம்பாச்சியில் நின்றார். முதல் தடவை பற்றி என் ஞானத்தாய் வல்டீசா அத்தை சொல்லும் கணக்கு வேறு.

"உங்கப்பன் வீரமா நின்னான்னு நெனச்சுக்காத. எனக்குப் பின்னாடிதான் நின்னான். மாவு மூட்டையத் தலைல வெச்சுக்கிட்டு."

"மூட்டைய யாரு சொமக்கறது? நீயா சொமந்த?" என்பார் அப்பா.

"நான் அஞ்சு மாசக் கர்ப்பம்டா. வயித்தச் சொமந்தேன்."

அந்த மூட்டைதான் காரியத்தை முடித்தது. ரம்பம் பிடித்த கூலியாட்கள் ஒன்பது பேர். இரண்டு நாளாகப் பண்ணைக்காரன் அவர்களுக்குச் சாப்பாடு அனுப்பவில்லை. அப்பா மூட்டையை இறக்கி, வறுத்த மரவள்ளி மாவையும் உப்புக்கண்டத்தையும் இலையில் போட்டு, "மொதல்ல சாப்புடுங்க, அப்புறம் சண்ட போடலாம்" என்றார். ஒருவன் ரம்பத்தை அணைத்தான். பிறகு மற்றவர்கள்.

ரம்பங்கள் நின்ற அந்த நிமிடத்தைப் பற்றி அப்பா அதிகம் பேசியதில்லை. ஒரே ஒரு முறை சொன்னார். "சத்தம் நின்னுச்சா, ஒண்ணுமே கேக்கல. அப்புறம் ஒரு பூச்சி. அப்புறம் ரொம்பத் தூரத்துல ஒரு குரங்கு. அதுக்கும் அந்தப் பக்கத்துல இன்னொண்ணு. காடு எம்மாம் பெருசுன்னு எனக்குக் காது வழியாத்தான் தெரிஞ்சுது."

அந்தக் காடு பின்னால் அரசாங்கக் காப்புநிலமானது. உள்ளேயே குடியிருக்கலாம், பால் வெட்டலாம், கொட்டை பொறுக்கலாம், காட்டை அழிக்கக் கூடாது. செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் சுற்றிலும் வெளிறிய மேய்ச்சல் நிலம், நடுவில் ஒரு கரும்பச்சைக் கட்டம். நான் வனவியல் பொறியியல் முடித்த வருடம் அந்தப் படத்தை அச்சடித்துக் கொடுத்தேன். அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைத்தார். வருகிறவர்களுக்கெல்லாம் அதைத்தான் முதலில் காட்டுவார். அம்மாவுக்கு இரண்டாம் இடம்.

இருபது வருடம் முன்பு எங்கள் ஆய்வு நிலையம் அந்தக் காட்டுக்குள் இரண்டு ஹெக்டேரை அளந்து கயிறு கட்டியது. ஆயிரத்து இருபது மரங்களில் அலுமினியத் தகடு அடித்து எண் கொடுத்தார்கள். வருடத்துக்கு ஒரு முறை ஒவ்வொன்றையும் அளக்க வேண்டும். மரம் எவ்வளவு பெருத்தது என்று தெரிந்தால், காற்றிலிருந்து எவ்வளவு கரியை இழுத்தது என்று சொல்லிவிடலாம். அளக்கும் ஆளாக அப்பாவை எடுத்தார்கள். பட்டையில் ஒரு கீறல் போட்டு முகர்ந்து பார்த்து மரத்தின் பெயர் சொல்லுவார். நான் அந்த நிலையத்தில் சேர்ந்தது எட்டு வருடம் கழித்து. ரியோ பிராங்கோ நகரத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து அவர் அனுப்பும் எண்களைச் சரிபார்ப்பது என் வேலை.

இந்த வருடம் மே மாதத்தோடு மழை நின்றது. ஆகஸ்டில் ஆற்றில் மாடுகள் நடந்து கடந்தன. சுற்றியுள்ள பண்ணைகளில் வைத்த தீ, புகையாக ஊருக்குள் வந்து உட்கார்ந்தது. அந்த மாதக் கடைசியில் அப்பாவின் தாள்கள் வந்தன.

தடித்த மரங்கள் மொத்தம் நூற்று நான்கு. அவற்றில் அறுபத்தொரு மரங்களின் அளவு போன வருடத்தைப் போலவே இருந்தது, ஒரு மில்லிமீட்டர் பிசகாமல். சாதாரண வருடத்தில் ஏழெட்டு மரம் அப்படி இருக்கலாம். அறுபத்தொன்று இருக்க முடியாது. தாளில் அவை மட்டும் கொஞ்சம் அழுத்தி எழுதப்பட்டிருந்தன.

அவர் இறப்பதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, செவ்வாய்க்கிழமை வண்டியெடுத்தேன். ஐந்து மணி நேரம், கடைசி இரண்டு மணி நேரம் செம்மண் பாதை. அப்பா வாசலில் மரவள்ளி தோலுரித்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு தாள்களை மேஜையில் வைத்தேன்.

"இது என்னப்பா?"

கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுப் பார்த்தார். "நம்பரு."

"அறுபத்தொரு மரம். ஒண்ணுகூட நகரலையா?"

"நகரல."

"காட்டுக்குப் போனியா, இல்ல வீட்ல உக்காந்து எழுதினியா?"

அதைக் கேட்டிருக்கக் கூடாது. அவர் எழுந்து போய் பூட்ஸை எடுத்துவந்து மேஜையில் தாள்களுக்குப் பக்கத்தில் கவிழ்த்துவைத்தார். அடி தேய்ந்து உள்துணி தெரிந்தது.

"மே மாசம் வாங்கினது" என்றார்.

நான் தேய்ந்த அடியை விரலால் தடவினேன். அவரே சொன்னார்.

"டேப்பு கொறச்சுக் காட்டுச்சு. மூணு தடவ பாத்தேன். டேப்புதான் நீண்டுபோச்சோன்னு வல்டீசாக்கா வீட்டுக் கதவப் போய் அளந்தேன். கதவு சரியாத்தான் இருந்துச்சு. அந்தக்கா வேற, கதவு கர்ப்பமாயிருக்கான்னு கேட்டு மானத்த வாங்கிட்டா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. மரம்னா பெருக்கும், இல்லாட்டி சாவும். இளைக்குமா? அறுபத்தேழு வயசுல நான் கண்டதில்ல. கெழவனுக்குக் கண்ணு போச்சும்பாங்க உங்க ஆளுங்க. தாள்லயே போட்டிருக்கீங்களே, போன வருசத்தவிடக் கொறஞ்சா தப்புன்னு. அதான் போன வருசத்தையே போட்டுட்டேன்."

தாளின் மேல்பக்கத்தில் அந்த வரி உண்டு. 'முந்தைய அளவைவிடக் குறைவாக வந்தால் அது பிழை. மீண்டும் அளக்கவும்.' பன்னிரண்டு வருடம் முன்பு, வேலையில் சேர்ந்த புதிதில், அந்த வரியை எழுதியது நான்.

"மரம் இளைக்கும்பா" என்றேன். "தண்ணி பத்தலன்னா இளைக்கும். டேப்பு சரி. உன் கண்ணும் சரி. என் தாள்தான் தப்பு."

அவர் பூட்ஸைக் கீழே இறக்கினார். "அப்ப நெஜமாவே இளைச்சிருக்கா?"

அவர் குரலில் நிம்மதி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை.

புதனிலிருந்து வெள்ளிவரை அந்த அறுபத்தொன்றையும் திரும்ப அளந்தோம், 233 கடைசி. மூன்று மரங்கள்தான் அப்படியே இருந்தன. மீதி ஐம்பத்தெட்டும் குறைந்திருந்தன, ஒன்று, இரண்டு, சில நான்கு மில்லிமீட்டர். ஒவ்வொரு எண்ணையும் அப்பாவே தன் கையால் திருத்தினார். பழைய எண்ணை அடித்து, பக்கத்தில் புதியதை எழுதி, பெயரின் முதலெழுத்தைப் போட்டார். ஐம்பத்தெட்டு தடவை.

நான் வண்டியில் ஒரு கருவி கொண்டுபோயிருந்தேன். விரல் நீளம்தான் இருக்கும். மரத்தில் திருகிவைத்தால் அதன் ஊசி பட்டையைத் தொட்டுக்கொண்டிருக்கும். முடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு அசைந்தால்கூடச் சின்னத் திரையில் எண் மாறும். புதன் விடியலில் அதை 233இல் பொருத்தினேன். மற்ற மரங்களை அளப்பதற்கு நடுவே ஒவ்வொரு மணிக்கும் வந்து பார்த்தோம். வெயில் ஏற ஏற எண் இறங்கியது. மூன்று மணிக்கு ஆகக் கீழே. சாயங்காலம் நின்று, மெதுவாகத் திரும்பி ஏறத் தொடங்கியது. அப்பா மற்ற மரங்களை மறந்துவிட்டார்.

"இது என்னது, மேலயும் கீழயும் போவுது?"

"பகல்ல எல தண்ணிய உறிஞ்சும்பா. வேர்லேர்ந்து அவ்வளவு வேகமா வராது. அதனால தண்டு சுருங்கும். ராத்திரி வேர் குடிச்சுக் குடிச்சு ரொப்பும். விடியறப்போ மறுபடி தடிச்சிருக்கும்."

"தெனமுமா?"

"தெனமும்."

"எல்லா மரமுமா?"

"எல்லா மரமும்."

அவர் தொப்பியைக் கழற்றினார். உள்ளங்கையை விரித்துப் பட்டையில் வைத்தார். அப்படியே நின்றார். நான் இந்த வளைகோட்டை ஆயிரம் தடவை திரையில் பார்த்திருக்கிறேன். ஏற்றம், இறக்கம், ஏற்றம். பிழைகளை நீக்கி அட்டவணை போட்டிருக்கிறேன். ஐம்பது மீட்டர் உயரம் நிற்கும் ஓர் உயிர், சத்தமே இல்லாமல், தலைக்கு மேல் தெரியாத உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு, தினம் ஒரு முறை சுருங்கி ஒரு முறை விரிகிறது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் எல்லாம் அதையே செய்கின்றன. அதை நான் அதுவரை ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"அறுபத்தேழு வருசம்" என்றார் அப்பா. "பக்கத்துலயே நின்னிருக்கேன் ஜூ. மூச்சு வுடறது தெரியாம."

வியாழன் விடியலில் எண் புதன் விடியலை எட்டவில்லை. வெள்ளி விடியலில் வியாழனையும் எட்டவில்லை. அதையும் அவரே கண்டுபிடித்தார். நான் சொல்லவில்லை.

"ராத்திரி முழுக்கக் குடிச்சும் பத்தலையா?"

"பத்தல. மண்ணுல தண்ணி இல்ல. காத்து சூடு வேற, முன்னவிட அதிகமா உறிஞ்சுது."

வெள்ளிக்கிழமை, டேப் பிடித்து முடித்தபின், அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்து காபி குடித்தோம். புகை மூட்டத்தில் சூரியன் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. வல்டீசா அத்தையும் வந்திருந்தாள். மூன்று நாளாக நாங்கள் என்ன செய்கிறோம் என்று பார்க்க, எழுபது வயதில் ஒரு மணி நேரம் நடந்து வந்திருந்தாள். கூடையில் அவித்த புபூன்யா, எங்கள் பக்கத்துப் பனைக் காய்.

அப்பா டேப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"நாம இத வெட்ட வுடல. நாப்பது வருசமா ஒரு பய உள்ள வந்ததில்ல. சரியா?"

"சரி."

"அப்புறமும் இது இளைக்குது."

"ஆமா."

"நாளைக்கே உலகத்துல எவனும் ஒரு மரத்தக்கூட வெட்டலன்னு வெச்சுக்க. எங்கயுமே. அப்ப இந்தச் சூடு நிக்குமா? அது போதுமா?"

சுருக்கமாகப் பேசுவது என் தொழில் பழக்கம்.

"போதாது" என்றேன்.

அவர் சுருட்டுவதை நிறுத்தவில்லை. "எவ்வளவு கொறையும்?"

"மனுசங்க காத்துல வுடற கரிப்புகைல, காட்ட அழிக்கறதுனால வர்றது பத்துல ஒரு பங்கு. கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். மீதி நிலக்கரி, பெட்ரோலு, டீசலு, கேஸு, சிமெண்டு."

"பத்துல ஒண்ணா?" என்றாள் அத்தை. "அடப்பாவி. அந்த ஒண்ணுக்கா நான் அஞ்சு மாச வயித்தோட கீதம் பாடினேன்? பதினாலு தடவ பாடினோம்டி. தொண்ட கட்டிப்போச்சு."

அவள்தான் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. நான் அவசரமாகச் சொன்னேன்.

"ஆனா இது இல்லாம வேற எதுவும் போதாதுப்பா. நெலத்துல இருக்கற மரமும் செடியும்தான் மனுசன் வுடற புகைல கால்வாசிக்கு மேல திரும்ப இழுத்துக்குது. வருசாவருசம். கேக்காம. உலகத்துல எந்த மெசினும் அதச் செய்யல. இந்த மரம் இருக்கே, இது மண்ணுலேர்ந்து வரல. தண்ணியும் காத்தும்தான். எங்கயோ எவனோ கொளுத்தின கரி இதுக்குள்ள மரமா நிக்குது."

அப்பா அண்ணாந்து பார்த்தார். கிளை தொடங்கும் இடமே முப்பது மீட்டருக்கு மேல். வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவும் காத்தா?"

"பெரும்பாலும்."

"யம்மா" என்றார், மெதுவாக. பிறகு, "அது வேற ஜூ. நான் கேட்டது போதுமான்னு" என்றார்.

அவரே பதில் கண்டுபிடித்தார். பதில் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருந்தது, எனக்குத்தான் தோன்றவில்லை. கஸ்தான்யா மரத்தை வெட்டக் கூடாது என்று இங்கே சட்டம். அதனால் பண்ணைக்காரர்கள் சுற்றியுள்ள காட்டையெல்லாம் அழித்துவிட்டு அதை மட்டும் விட்டுவைப்பார்கள். பிரதான சாலையில் போனால் பார்க்கலாம். மாடுகள் மேயும் புல்வெளியில் ஒற்றையாக நிற்கும். தேனீ வராது, காய்க்காது. வெயிலும் காற்றும் நெருப்பும் நேராக அடிக்கும். பதினைந்து இருபது வருடத்தில் நின்றவாக்கில் காய்ந்து வெள்ளையாகும்.

"அத எவன் வெட்டினான்?" என்றார் அப்பா. "எவனும் வெட்டல. கோடாலி படல. செத்துப்போச்சு. நம்ம காடும் அதுதான். கொஞ்சம் பெரிய கஸ்தான்யா. சுத்தி இருக்கறது மாட்டுப் பண்ணைக்குப் பதிலா உலகம்."

அத்தை சிரிப்பதை நிறுத்தினாள்.

"அப்ப மீதி ஒம்பதுக்கு என்ன பண்றது?" என்று என்னைக் கேட்டார். "ரம்பம்னா முன்னாடி போய் நிக்கலாம். இதுக்கு எங்க போய் நிக்கறது?"

"எண்ணெயெல்லாம் கடலுக்கு நடுவுல எடுக்கறான்" என்றாள் அத்தை. "அங்க போய் நில்லு. நீச்சல்தான் உனக்கு வராதே. முழங்கால் தண்ணிலயே முழுகினவன் நீ."

"அது வெள்ளம்க்கா."

"வெள்ளமாம். கோழி நடந்து போச்சு அதுல."

இந்த முறை அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே பாதையில் நிறுத்தியிருந்த தன் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். பிறகு என் ஜீப்பை.

"கொளுத்தறவன் யாரு?" என்றார். "அன்னிக்கு ஒம்பது பேரு. மூஞ்சி தெரிஞ்சுது, பசி தெரிஞ்சுது. மாவு குடுத்தோம். இன்னிக்கு யாரு?"

"எல்லாரும்பா. நாமளும். ஆனா எல்லாரும் ஒரே அளவு இல்ல. நீ ஒரு வருசம் பூரா கொளுத்தறத சில பேரு ஒரு வாரத்துல கொளுத்திடுவான். அவங்கள நிறுத்தச் சொல்லணும். சட்டம் போட வெக்கணும். ஓட்டுக் கேட்டு வர்றவனக் கேக்கணும். சூரிய மின்சாரம், பஸ்ஸு, எவ்வளவோ இருக்கு. பெரிய பட்டியல்."

"பட்டியல அப்புறம் குடு. மொதல்ல ஆளு வேணும்" என்றார்.

அவர் உடைந்துபோவார் என்று நினைத்திருந்தேன். மூன்று நாளாக அதற்காகத்தான் பயந்துகொண்டிருந்தேன். எழுபதை நெருங்குகிறவரிடம், உன் வாழ்நாள் வேலை பத்தில் ஒன்றுதான் என்று சொன்னால் வேறென்ன ஆகும்? அவர் பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டினார். எங்கே யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று அத்தையும் அவரும் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்கள். பழைய எம்பாச்சி ஆட்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நான்கு பேர். மேல்காட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒருவருக்கு இப்போது காது கேட்காது. "கீதம் பாட காது எதுக்கு?" என்றாள் அத்தை.

நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மரத்தைப் பார்த்தபோது வந்த அதே சிலிர்ப்பு வந்தது.

மதியம் நான் கிளம்பினேன். வண்டிக் கண்ணாடியில் தட்டி, "தாள்ல அந்த வரிய எடுத்துடு" என்றார். "எடுத்துடறேன்" என்றேன். அதுதான் கடைசிப் பேச்சு.

அடுத்த செவ்வாய் காலை ஆறரைக்கு வல்டீசா அத்தை போன் செய்தாள். காட்டில் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறி வந்திருந்தாள், மூச்சு வாங்கியது. "வாடி" என்றாள். மீதியை அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன். ஊருக்குப் போகும் பால் லாரிக்காக அப்பா நல்ல சட்டை போட்டுக்கொண்டு வாசல் பெஞ்சியில் உட்கார்ந்திருக்கிறார். லாரிக்காரர் ஹாரன் அடித்திருக்கிறார், எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார் ஷப்புரி டாக்டர். இரண்டு மாதமாகப் புகை, வயதானவர்களுக்கு இப்படி நிறைய ஆகிறது என்றார். சான்றிதழில் புகை என்று எழுத இடம் இல்லை.

நான் தாளை மாற்றிவிட்டேன். இப்போது அந்த வரி 'முந்தைய அளவைவிடக் குறைவாக வந்தால், வந்தபடியே எழுதவும்' என்று இருக்கிறது.

நல்ல சட்டையின் பையில் நான்காக மடித்த ஒரு காகிதம் இருந்தது. ஷப்புரி வானொலியில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சேதி வாசிப்பார்கள். இன்னார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார், இன்னாருக்குப் பெண் குழந்தை, இன்னாரின் கழுதை இங்கே நிற்கிறது. போன் எட்டாத குடும்பங்கள் இன்றும் அதைக் கேட்டுத்தான் கிளம்புகின்றன. பதினோரு மணிக்குள் எழுதிக்கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பால் லாரி அவரை அங்கேதான் இறக்கிவிட இருந்தது.

காகிதத்தில் ஏழு பேருடைய பெயர்கள், அவர்கள் இருக்கும் இடங்கள். அதற்குக் கீழே:

"அடெல்மோ எழுதுவது. வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தோம். முடியவில்லை. நாம் செய்தது வீண் இல்லை, ஆனால் அது போதாது. 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வல்டீசா வீட்டில் கூடுகிறோம். படுக்கத் தூளியும் குடிக்கக் கோப்பையும் அவரவர் கொண்டுவரவும். பாதை முழுக்க நெருப்பு, ஆற்றுப்பக்கமாக வரவும். மீதி வேலை என்ன, எங்கே போய் நிற்க வேண்டும் என்று என் மகள் சொல்லுவாள்."

பதினேழின் ஏழுக்குக் குறுக்கே கோடு போட்டிருந்தார். பேசுவாயா என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. ஏழு பேரும் குடும்பத்தோடு வந்தால் நாற்பது பேர் ஆகும், அத்தனை பேர் முன்னால் நான் இதுவரை பேசியதில்லை. இன்று பன்னிரண்டாம் தேதி, அவர் போய் ஒரு வாரம். காகிதம் என்னிடம்தான் இருக்கிறது, சேதி இன்னும் வானொலிக்குப் போகவில்லை.